இரவில் எத்தனை கைகள்: நிக்கோபாரின் கூட்டுக்குடும்பமும் கடலூரின் முதியோர் கிராமமும்

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கிளம்பிய ஆழிப்பேரலை, நிலம் நடுங்கி ஒரு மணி நேரம் ஆவதற்குள் கார் நிக்கோபார் தீவை அடித்தது. அதே அலை கடலூர் தேவனாம்பட்டினத்துக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்தமான் நிக்கோபாரில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் அரசுக் கணக்கில் ஏறத்தாழ 3,500 பேர். தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர். எண்ணிக்கை முடிந்த பிறகு இரண்டு கரைகளிலும் ஒரே கேள்வி மிஞ்சியது: பிள்ளைகளைப் பறிகொடுத்த, வீடு போன, வேலை செய்ய முடியாத முதியவர்களை இனி யார் பார்த்துக்கொள்வது?

இரண்டு கரைகளும் வேறு வேறு பதில் சொல்லின. நிக்கோபாரில் முதியோர் இல்லம் என்ற பேச்சே எழவில்லை. அங்கே குடும்பம் பெரியது, அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தது. ஆனால் அந்தப் பெரிய குடும்பத்தைச் சிறு சிறு வீடுகளாகப் பிரித்துக் குடியமர்த்தியது அரசின் மறுவாழ்வுத் திட்டம். கடலூரில் குடும்பமே இல்லாமல் போனவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் தாமரைக்குளம் என்ற முதியோர் கிராமத்தை உருவாக்கியது. ஒரு பக்கம் இருந்த உறவு கலைந்தது. மறுபக்கம் உறவற்றவர்கள் கூடி ஓர் ஊர் ஆனார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதியோர் பராமரிப்பின் தரத்தையும் பாதுகாப்பையும் நாம் எங்கே தேட வேண்டும் என்பது துலங்கும். என் அளவுகோலை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு முதியவர் கூப்பிட்டால் எழுந்து வர எத்தனை கைகள் இருக்கின்றன, அந்தக் கைகளுக்கு அவரை எவ்வளவு தெரியும் என்பதே அது.

முதலில் நிக்கோபார். நிக்கோபாரிகளின் சமூக அமைப்பில் துஹெத் என்பது அடிப்படை அலகு. ஒரே வழிவந்த பல குடும்பங்கள் சேர்ந்தது ஒரு துஹெத். தென்னந்தோப்பு அதற்குப் பொதுச்சொத்து. எந்தக் குடும்பம் எந்தத் தோப்பில் காய் பறிக்கலாம், யாருக்கு எவ்வளவு, விருந்துக்கு யாருடைய பன்றி என்பதையெல்லாம் மூத்தவர் தலைமையில் முடிவு செய்வார்கள். துஹெத்துகளுக்கு மேலே கிராமத்துக்குக் கேப்டன்கள் உண்டு. முதல் கேப்டன், இரண்டாம் கேப்டன் என்று வரிசையாக. இந்த ஏற்பாட்டில் வயதானவர் வீட்டின் மூலையில் ஒதுக்கப்பட்டவர் அல்லர். எல்லை எது, யார் நட்ட மரம் எது என்ற நினைவே அங்கே பத்திரம். அந்த நினைவு வயதானவர்களிடம்தான் இருந்தது. அதனால் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. பேச்சுக்கு மதிப்பு இருக்கும் இடத்தில் பராமரிப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை.

உணவையும் சொல்ல வேண்டும். தாழைப்பழத்தை வேகவைத்து, சதையைச் சுரண்டி, நாரை நீக்கிப் பிசைந்து அப்பமாகத் திரட்டுவது மணிக்கணக்கில் இழுக்கும் வேலை. பெரும்பாலும் பெண்கள் கூடி உட்கார்ந்து செய்வார்கள். கால் நடக்காவிட்டாலும் கை வேலை செய்யும் மூதாட்டிக்கு அந்த வட்டத்தில் இடம் உண்டு. முதியோர் இல்லங்களில் நேரத்தைப் போக்க வழி தேடிப் பொழுதுபோக்கு அறை, தொலைக்காட்சி, கேரம் பலகை என்று வைக்கிறார்கள். உண்மையான வேலை ஒன்று கையில் இருப்பதற்கு அவை ஈடாகா.

இதையெல்லாம் சொல்வதால் துஹெத் பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. நிக்கோபாரியின் பழைய வீடு ஆள் உயரக் கால்களின் மேல் நிற்கும் தேன்கூட்டு வடிவக் குடில். ஏணி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். காற்று நன்றாக வரும், ஈரம் அண்டாது. ஆனால் முழங்கால் தேய்ந்தவருக்கு அந்த ஏணி இரவில் பெரும் ஆபத்து. நிக்கோபாரிகளிடையே உயர் ரத்த அழுத்தம் மிக அதிகம் என்பதைப் போர்ட் பிளேரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) மையத்தின் ஆய்வுகள் காட்டியுள்ளன. அழுத்தம் கட்டுக்கடங்காவிட்டால் பக்கவாதம். பக்கவாதம் வந்தால் படுத்த படுக்கை. கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரிலான மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. அதற்கும் மேலான சிகிச்சை வேண்டுமென்றால் ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல் கடந்து போர்ட் பிளேரின் (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கப்பல் இருந்தால் கப்பல், வானம் தெளிந்திருந்தால் ஹெலிகாப்டர். பருவமழைக் காலத்தில் இரண்டும் கைவிடும். எத்தனை பாசமுள்ள கைகள் சூழ்ந்திருந்தாலும் மூளை ரத்தக்கசிவை அவற்றால் நிறுத்த முடியாது.

அலைக்குப் பிறகு வந்தது வேறு மாற்றம். கரையோரக் கிராமங்கள் தீவின் உட்பகுதிக்கு நகர்ந்தன. முதலில் தகரக் கொட்டகைகள். பகலில் உள்ளே உட்கார முடியாத வெக்கை. பிறகு இரும்புச் சட்டகமும் தகரக் கூரையுமாக நிரந்தர வீடுகள், அந்தமான், நிக்கோபார் ஆகிய இரு தீவுக்கூட்டங்களிலும் சேர்த்து ஒன்பதாயிரத்துக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பகுதி நிக்கோபாரில். பொருள்கள் கடல் கடந்து கப்பலில் வந்தன. வீடு கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் ஒதுக்கப்பட்டது. இழப்பீட்டுத் தொகையும் தனித்தனி வங்கிக் கணக்குக்குப் போனது. நிக்கோபாரை நீண்ட காலம் ஆராய்ந்த சிம்ரன் ஜித் சிங், அலையைவிட அதைத் தொடர்ந்த உதவியே நிக்கோபாரியச் சமூகத்தை ஆழமாகக் குலைத்தது என்று எழுதினார். நில உரிமை, நுகர்வு, குடிப்பழக்கம் என்று அந்த விவாதம் பல பக்கம் போனது. முதியவரின் இரவைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரே கூரையின் கீழோ கூப்பிடு தூரத்திலோ பத்துப் பன்னிரண்டு பெரியவர்கள் இருந்த இடத்தில், பாட்டியை நள்ளிரவில் கைத்தாங்கலாக வெளியே அழைத்துப்போகும் வேலை யார் பெயரிலும் எழுதப்படவில்லை. விழித்தவர் செய்தார். இரண்டு பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் அதே வேலை ஒருவர் தலையில், பெரும்பாலும் மருமகளோ மகளோ ஒருத்தியின் தலையில், ஒவ்வோர் இரவும் விழுகிறது. அவள் பகலில் வேலைக்கும் போகிறாள் என்றால் எத்தனை மாதம் தாங்கும்? அன்பு குறைந்துவிட்டது என்று சொல்வது அநியாயம். கைகள் குறைந்துவிட்டன. வரைபடத்தில் வீட்டின் பரப்பளவைக் கணக்கிட்ட பொறியாளருக்கு இந்தக் கணக்கு தெரிய நியாயமில்லை. மறுவாழ்வுக் கொள்கை வகுத்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடலூருக்கு வருவோம். அலைக்குப் பிந்தைய நிவாரணம் மீனவக் குடும்பம், படகு, வலை என்ற கணக்கில் ஓடியபோது, சம்பாதிக்காத முதியவர்கள் பட்டியலின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். இதை உணர்ந்து ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலோர மாவட்டங்களில் முதியோர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது. யாருமே இல்லாதவர்களுக்காக எழுந்ததுதான் தாமரைக்குளம். ஏறத்தாழ நூறு பேர் வாழும் இடம். பெரிய கூடத்தில் கட்டில்களை வரிசையாகப் போடும் வழக்கத்தை விட்டு, சிறு வீடுகளாகக் கட்டினார்கள். சேர்ந்து சமையல், தோட்டம், அன்றாடக் காரியங்களுக்கு அங்கே வாழ்பவர்களின் குழுக்கள். முடிந்தவர் முடிந்த வேலையைச் செய்வது என்பது அந்த ஊரின் நடைமுறை.

இங்கே எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. தாமரைக்குளத்தை வடிவமைத்தவர்கள் துஹெத்தை நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் அதன் இரண்டு குணங்களை அவர்கள் தொட்டுவிட்டார்கள்: முதியவருக்கு வேலை உண்டு, முடிவெடுப்பதில் பங்கு உண்டு. சாம்பாரில் உப்புக் குறைந்தால் சொல்வதற்கு ஓர் இடம் இருந்தால், முதுகில் புண் வந்தாலும் சொல்ல வாய் வரும். வாயடைத்துப் பழகிய முதியவர் தன் வலியையும் மறைப்பார். இல்லங்களில் நடக்கும் கொடுமைகள் நெடுநாள் வெளியே தெரியாமல் போவதற்கு, உள்ளே இருப்பவர்கள் வாய் திறக்கப் பயப்படுவது ஒரு பெரிய காரணம். குறைகேட்புக் குழு என்ற பலகையால் அந்தப் பயம் போகாது. நிர்வாகத்தில் அவர்களே உட்கார்ந்தால் குறையும்.

ஆனால் தாமரைக்குளத்தின் வடிவிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. அங்கே ஒருவருக்கொருவர் துணை. துணையாக இருப்பவருக்கும் வயது எழுபது. துஹெத்தில் பாட்டிக்குப் பக்கத்தில் பேரன் இருந்தான். முதியோர் மட்டும் வாழும் ஊரில் எல்லோரும் ஒன்றாக மூப்படைகிறார்கள். அறுபத்தைந்து வயதில் வந்து தோட்டத்தில் களை எடுத்தவர் பதினைந்து ஆண்டுகளில் படுக்கைக்குப் போகிறார். அன்று அவருக்குக் கை கொடுத்த நண்பரும் அப்போது வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார். ஆகவே வயது ஏற ஏற, அங்கே சம்பளத்துக்கு வரும் இளைய கைகளின் பங்கு கூடிக்கொண்டே போக வேண்டும். நன்கொடையில் நடக்கும் எந்த இல்லத்துக்கும் இதுதான் கடினமான செலவு. புதுக் கட்டடத்துக்குப் பணம் தர ஆள் கிடைப்பார்கள், கல்வெட்டில் பெயர் வரும். இரவுப்பணி ஆயாவின் மாதச் சம்பளத்துக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்?

அந்த இரவுப்பணி என்னவென்று கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். நாலாக மடித்த பருத்தித் துணியைத் தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரித்திருப்பார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, துணியின் ஓரத்தை உடம்போடு ஒட்டச் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் தூக்கி நகர்த்தி, பக்கவாட்டில் சாய்த்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வைக்க வேண்டும். தூக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இழுத்தால் முதுமையில் மெலிந்த தோல் படுக்கையோடு உரசிப் பிய்ந்துவிடும். ஒருவர் மட்டும் இருந்தால் இழுக்கத்தான் முடியும். பிறகு வால் எலும்பு, இடுப்பு, குதிகால் மூன்றையும் பார்க்க வேண்டும். நம் நிறத்துத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையால் தொட்டுச் சூடாக இருக்கிறதா, விரலால் அழுத்திக் கெட்டித்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சில நாள்களில் புண், சில வாரங்களில் எலும்புவரை குழி. எந்த இல்லத்தின் தரத்தையும் ஒரே பார்வையில் அறிய வேண்டுமா? வரவேற்பறையை விடுங்கள், படுக்கையில் இருப்பவர்களின் குதிகாலைப் பாருங்கள்.

இன்னொன்று தண்ணீர். இரவில் எழுப்ப ஆளில்லை, கழிவறை தொலைவு, விளக்கு மங்கல் என்றால் பாட்டிகள் மாலை மங்கியதும் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்ற எண்ணம். விளைவு மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதன் காய்ச்சலில் மனக்குழப்பம், குழப்பத்தில் எழுந்து நடந்து விழுதல், இடுப்பு முறிவு. மருத்துவமனைக் குறிப்பில் 'வழுக்கி விழுந்தார்' என்று ஒரு வரிதான் இருக்கும். நிக்கோபாரின் ஏணி வீட்டிலும் கடலூரின் சமதள வீட்டிலும் இந்தச் சங்கிலி ஒன்றேதான்.

நம் சட்டம் எதை அளக்கிறது? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007, அதன் 19ஆம் பிரிவில், மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசு அமைக்கலாம் என்றும், அதில் வறிய முதியோர் குறைந்தது 150 பேருக்கு இடம் வேண்டும் என்றும் சொல்கிறது. அதன் கீழ் வந்த மாதிரி விதிகள் படுக்கையறையில் ஆளுக்கு 7.5 சதுர மீட்டர், மொத்த வாழிடத்தில் ஆளுக்கு 12 சதுர மீட்டர் என்று துல்லியமாகச் சொல்கின்றன. ஆள்பலத்தைப் பற்றி அந்தத் துல்லியம் இல்லை. 2019 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட திருத்த மசோதா, முதியோர் இல்லங்களுக்குக் கட்டாயப் பதிவையும் குறைந்தபட்சத் தரங்களையும் முன்மொழிந்தது. அது சட்டமாகவில்லை.

அந்த 150 என்ற எண்ணை நிக்கோபார் மாவட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 36,842. 2001இல் 42,068 ஆக இருந்து குறைந்தது. அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர் என்று வைத்தாலும் 2,500 பேர்தான் வருவார்கள். அவர்களும் பத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். சௌரா தீவில் வாழ்ந்த மூதாட்டியைக் கார் நிக்கோபாரின் 150 கட்டில் இல்லத்துக்குக் கொண்டுவந்தால், தாய்மொழியே மாறிவிடும். கார் நிக்கோபாரின் பேச்சு வேறு, சௌராவின் பேச்சு வேறு. வலி எங்கே என்று சொல்ல அவருக்குச் சொல் இருக்கும், கேட்பவருக்குப் புரியாது. பெருநிலப்பகுதி மாவட்டத்தை மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. தீவுகளுக்கு அந்த வடிவம் ஒவ்வாது என்று நான் உறுதியாகவே நினைக்கிறேன்.

இனிப் பேரிடர். கடலோரத்து முதியோருக்கு இது எப்போதும் தலைமாட்டில் இருக்கும் விஷயம். 2004 அலை இலங்கையின் காலியில் சம்போதி என்ற மாற்றுத்திறனாளர் காப்பகத்துக்குள் புகுந்தபோது, அங்கிருந்த 102 பேரில் 41 பேர்தான் பிழைத்தார்கள். படுக்கையிலிருந்து எழ முடியாதவர்கள் படுக்கையிலேயே போனார்கள். 2016 ஆகஸ்ட் 30 அன்று ஜப்பானின் இவாய்சுமியில் புயல்மழையில் ஆறு கரை புரண்டு, மறதிநோயுள்ள முதியோர் வாழ்ந்த சிறு இல்லத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். அந்த மாலையில் பணியில் இருந்த ஊழியர் ஒரே ஒருவர். பக்கத்திலேயே இருந்த மாடிக் கட்டடத்துக்கு அவர்களைக் கொண்டுபோக நேரம் இருந்திருக்கலாம், கைகள் இல்லை. உலகத்திலேயே பேரிடர்ப் பயிற்சியில் முன்னால் நிற்கும் நாட்டில் இது நடந்தது. 

கடலூருக்கும் இது புதிதல்ல. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது; மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. 2015இல் வெள்ளம். அப்படிப்பட்ட இரவில் சிறு சிறு வீடுகளாகப் பிரிந்திருக்கும் முதியோர் கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓடிப் பார்க்க வேண்டும். ஒரே கூடத்தில் எல்லோரும் இருந்தால் ஒரு டார்ச்சு போதும். அன்றாட வாழ்வுக்குச் சிறு வீடு நல்லது, ஆபத்துக் காலத்துக்குக் கூடம் நல்லது. இரண்டையும் இணைக்க வழி இல்லாமல் இல்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் எல்லோரும் கூடிப் படுக்கும் உறுதியான ஒரு பொதுக் கட்டடம், யாரை யார் தூக்குவது என்று பெயர் பெயராக எழுதிய பட்டியல், அதை வருடத்தில் ஒருமுறையாவது இரவில் செய்து பார்த்தல். நிக்கோபாரில் இந்தப் பட்டியல் எழுதாமலே இருந்தது. தாத்தாவைத் தோளில் போட்டு மேட்டுக்கு ஓட ஒரு வாலிபன் வீட்டிலேயே இருந்தான். இப்போது அவன் நாலு வீடு தள்ளி இருக்கிறான்.

ஆகவே எது சிறந்தது என்று கேட்டால், உணவு, மொழி, மதிப்பு மூன்றிலும் துஹெத்துக்குப் பக்கத்தில் எந்த இல்லமும் வர முடியாது என்பேன். மருந்து, மருத்துவர், சமதளம் ஆகியவற்றில் கடலூர் மேல். ஆனால் இரவுக் கைகள் இரண்டு இடத்திலும் குறைந்துகொண்டே வருகின்றன. நிக்கோபாருக்குத் தேவை மாவட்டத் தலைமையிடத்தில் ஒரு பெரிய இல்லம் அல்ல. ஒவ்வொரு கிராமத்திலும் கேப்டன்களும் துஹெத் மூத்தவர்களும் தேர்ந்தெடுக்கும் இருவர் மூவர், மாவட்ட மருத்துவமனையில் சில வாரம் பயிற்சி, ரத்த அழுத்தம் பார்க்கவும் படுக்கைக்காரரைத் திருப்பவும் தெரிந்த கைகள், அரசின் மாதச் சம்பளம். கேரளத்தில் 1990களில் கோழிக்கோட்டில் தொடங்கி ஊர் ஊராகப் பரவிய வலிதணிப்புப் பராமரிப்பு இயக்கம், வீடு தேடிப்போகும் அக்கம்பக்கத்தாரைக் கொண்டே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. தாமரைக்குளம் போன்ற இடங்களுக்குத் தேவை, சுற்றுப்புற ஊர்களின் இளைய ஆண்களும் பெண்களும் மதிப்புள்ள சம்பளத்தில் இரவுப்பணிக்கு வருவது, ஆய்வுக்கு வரும் அதிகாரி பகல் பதினொரு மணிக்கு வராமல் பின்னிரவில் ஒருமுறை வருவது.

துஹெத்திலும் தாமரைக்குளம் போன்ற இடத்திலும் சேராதவர்களும் தீவுகளில் இருக்கிறார்கள். நிக்கோபார் தீவுகளின் நடுவே கச்சால் தீவு. மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் சில அங்கே ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004இல் நிக்கோபாரில் மிக மோசமாக அடிபட்ட தீவுகளில் அதுவும் ஒன்று. இளம் வயதில் அங்கே போய்ப் பால் வடித்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களுக்குத் துஹெத் இல்லை, பொதுத் தென்னந்தோப்பு இல்லை. சொந்த ஊர் என்று திரும்பிப்போக இலங்கையிலும் இல்லை, தமிழகத்திலும் பலருக்கு இல்லை. மாவட்டத்துக்கு ஓர் இல்லம் என்ற சட்டத்தில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது கடல் கடந்து ஒரு கட்டில். அவர்கள் இருக்கும் குடியிருப்பிலேயே, அவர்கள் பேசும் தமிழ் தெரிந்த இரண்டு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்துவதற்கு அதைவிடக் குறைந்த செலவே ஆகும். தீவு நிர்வாகம் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதை எழுதலாம்.